எல்.கே.ஜி. சீட்டுக்கு ஒரு ராத்திரி

எல்.கே.ஜி. சீட் வேண்டுமென்றால் குழந்தை காட்டில் ஓரிரவு தனியே தங்கித் தீ மூட்டிக் காட்ட வேண்டும். சுகிர்தா ஆறு மாதமாக மகள் நறுமுகையைப் பால்கனியில் உட்கார வைத்து, தேங்காய் நாரும் சிக்கிமுக்கிக் கல்லும் கொடுத்துப் பழக்கியிருந்தாள்.

வேலிக்கு வெளியே பெற்றோருக்கு நாற்காலி. குரல் கொடுத்தால் மார்க் குறையும்.

தூறல் விழுந்தது. “அம்மா, பத்தவே மாட்டேங்குதும்மா!” என்று நறுமுகை உள்ளேயிருந்து வீறிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் பையன் அழுததும் “இதோ வந்துட்டேன்டா” என்று கத்தி, சீட்டைக் கோட்டைவிட்டாள். சுகிர்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

விடிந்ததும் நறுமுகை கொப்பளித்த விரல்களோடு வெளியே வந்தாள். “நூத்துக்கு நூறு!” என்றார் பிரின்சிபால்.

ஓடிப்போய் அள்ளிக்கொள்ளக் கையை நீட்டினாள் சுகிர்தா. குழந்தை இரண்டடி பின்னால் நகர்ந்தது.

“தொடாதம்மா. மார்க் போயிடும்.”