ஈரம் காய்ந்தபோது

மோதிவிட்டு நிற்காமல் போன ஏதோ ஒரு வண்டிக்குச் சாலையில் மகளைப் பறிகொடுத்த பெயிண்டர் அன்றுதான் கார் பட்டறைக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து மயானம்வரை கூடப்பிறந்தவன்போல நின்ற முதலாளி, தன் காரின் பிளாஸ்டிக் பம்பரைத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை? குடுங்க.”

“கேட்டுல உரசிடுச்சு. இப்போ வழவழன்னு ஆயிடுச்சு, பெயிண்ட் அடிச்சிடறேன். நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு.”

“ஈரத்துல எல்லாமே வழவழன்னுதாண்ணே இருக்கும். காஞ்சாத்தான் கீறல் தெரியும்.”

பெயிண்டர் கழுவித் துடைத்தார். ஈரம் காயக் காய, ஆழமான கீறல் ஒன்று எழுந்து வந்தது. அதற்குள் இழையாய்ப் பச்சை.

எந்தக் கடையிலும் கிடைக்காத பச்சை அது. மகள் அடம்பிடித்தாளே என்று, அவள் கடைசியாக ஓட்டிப்போன சைக்கிளுக்காக அவரே கலந்தது.

முதலாளியின் கை தானாகப் போய் மறுபடியும் தண்ணீரை ஊற்றியது.