மறுப்புக் கடிதம்

"இதுல கையெழுத்துப் போட்டாத்தான் நான் இவளுக்கு அப்பாவா? அப்போ இந்த அஞ்சு வருஷமா நான் யாரு மேடம்?"

பேச்சாளர் படிவத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசிப் பழகியவர். அந்தப் பதிவு அலுவலக அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் தையல்காரி, குழந்தையின் அறுந்த செருப்பு வாரை ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். அவரோடு ஏழு வருடக் குடித்தனம். கல்யாணம் கூடாது என்பது அவர் கொள்கை. வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும் என்பதும் அவர் கொள்கைதான்.

பதிவாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆகலை. அப்பா தன் பிள்ளைன்னு ஒத்துக்கிட்டாத்தான் குழந்தை இந்த நாட்டுப் பிரஜை. வெள்ளிக்கிழமையோட இவங்க விசா முடியுது. அதுக்குள்ள பதியலைன்னா, அம்மாவும் பிள்ளையும் நாட்டை விட்டுக் கிளம்பணும் சார்."

"அது சட்டத்தோட கோளாறு. பாசத்துக்கு எதுக்கு முத்திரை? இதைப் பத்தி நாற்பது மேடையில பேசியிருக்கேன்."

மடியில் இருந்த கைப்பையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே புதிதாக அச்சடித்த அவருடைய கல்யாணப் பத்திரிகைகள். பெண், கல்லூரி முதலாளி ஒருவரின் ஒரே மகள். அந்த வீட்டு வாசலில் மட்டும் கொள்கை செருப்போடு சேர்ந்து வெளியே நின்றுவிட்டது. பதிவேட்டில் பெயர் ஏறினால் மாமனார் காதுக்குப் போக எத்தனை நாளாகும்?

"மாமா, பேனா தாங்க," என்றது குழந்தை.

பதிவாளர் புருவத்தை உயர்த்தினார். "மாமாங்குது?"

"உறவை ஒரு சொல்லுல அடைக்கக் கூடாது மேடம்." வெளியிடங்களில் அப்படிக் கூப்பிடப் பழக்கியவர் அவர்தான்.

தையல்காரி தலை நிமிரவில்லை. அவளிடம் அவருக்கு மிகவும் பிடித்தது அந்த மௌனம். தோற்றவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம்," என்று பதிவாளர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. ஃபைலை முடிக்கணும்."

"ரெண்டு வரியா?" பேச்சாளர் சிரித்தார்.

ஒன்றரைப் பக்கம் எழுதினார். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தும் காட்டினார்.

"'இவள் என் மகள். என் ரத்தம். என் மூக்கு, என் பிடிவாதம். இதைச் சொல்ல எனக்குப் படிவம் தேவையில்லை. பெற்றவன் நெஞ்சில் எழுதியிருப்பதைப் பதிவேட்டில் தேட எந்த அரசுக்கும் அதிகாரமில்லை. ஆகவே, படிவத்தில் கையெழுத்திட மறுக்கிறேன்.' எப்படி?"

"நல்லா வந்திருக்கு சார். கீழே பேரு, தேதி, கையெழுத்து."

சுழித்துச் சுழித்துப் போட்டார். பதிவாளர் அதன்மேல் முத்திரை குத்தி, குழந்தையின் ஃபைல் எண்ணைப் போட்டு, தடித்த பதிவேட்டைத் திறந்து பசை தடவினார்.

"அதை ஏன் அங்கே ஒட்டறீங்க?"

"என் பிள்ளைன்னு அப்பா தன் கையால எழுதி, பதிவாளர் முன்னாடி கையெழுத்துப் போடணும். சட்டம் கேக்கறது அவ்வளவுதான். படிவமெல்லாம் எழுத வராதவங்களுக்கு."

"நான் மறுத்திருக்கேனே மேடம்."

"படிவத்தைத்தானே சார் மறுத்தீங்க? பிள்ளையை மறுக்கலையே."

நாற்பது மேடை கண்டவர் கை நீட்டுவதற்குள் பதிவாளர் பதிவேட்டை மூடிவிட்டார்.

தையல்காரி செருப்பைக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டு எழுந்தாள். பதிவாளரைப் பார்த்து முதல் முறையாக வாய் திறந்தாள்.

"போன வாரமே சொன்னேன்ல அக்கா, படிவத்தைக் கொடுத்தா தொட மாட்டார், வெள்ளைத்தாளைக் கொடுத்தா விட மாட்டார்னு."