முதல் வாய்

“பாருங்கக்கா, இன்னைக்கும் சூப் பானை போன மாதிரியே திரும்பி வந்திருக்கு! காலையிலதான் பிள்ளைங்க மைதானத்தைச் சுத்திச் சுத்தி ஓடுனாங்க. அந்தப் பசியில கூடவா ஒரு வாய் இறங்கல?”

இசோபே மூடியைத் திரும்பப் போட்ட வேகத்தில் பள்ளிச் சமையலறையே அதிர்ந்தது. அந்தத் தொடக்கப் பள்ளியின் சத்துணவு ஆசிரியை அவள். ஏப்ரலில்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

“கோபத்தைப் பானை மேல காட்டாதீங்க டீச்சர்,” என்றாள் தலைமைச் சமையல்காரி ஹனாவா. “நசுங்கினா புதுசுக்கு நகரசபையிலதான் போய் நிக்கணும்.”

நகரசபை என்றதும் இசோபேவுக்கு அவர்கள் விட்ட எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் பிள்ளைகள் மிச்சம் வைப்பது குறையாவிட்டால், இந்தச் சமையலறையை மூடிவிட்டு லாரியில் சாப்பாடு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கோ சமைத்து, வழியிலேயே ஆறிப்போன சாப்பாடு. ஹனாவாவுக்கும் வேலை போய்விடும்.

அதனால்தான் ஆரோக்கிய வாரம் என்று அறிவித்துத் தலைகீழாக நின்று பார்த்தாள். காலையில் ஓட்டம், மதியம் காய்கறியைப் பற்றிப் பேச்சு, ‘உடல்நலம் காக்கும் வேலைகள்’ என்று தனியாக ஒரு வகுப்பு. அந்த வகுப்பில்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவள் மானத்தை வாங்கினார்கள். டாக்டர், நர்ஸ், பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் துள்ளிக் கை தூக்கியவர்கள், சத்துணவு ஆசிரியை என்றதும் மேஜையைப் பார்த்தார்கள்.

“ஏம்ப்பா, என் வேலைக்கு ஒருத்தர் கூட வர மாட்டீங்களா?”

“வரலாம் டீச்சர்,” என்றாள் முன்வரிசைச் சிறுமி, மிகுந்த அனுதாபத்தோடு. “ஆனா நாம செஞ்சதை யாருமே சாப்பிடலன்னா அழுகையா வரும்ல?”

அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

“பிள்ளைங்களைச் சொல்லிக் குத்தமில்ல,” என்றாள் ஹனாவா. “நான் வச்ச சூப்பை நானே குடிக்கறதில்ல. சூப்பா அது? வெந்நீர். நீங்க வந்த புதுசுல எப்படி வச்சோம்! உப்பைக் குறை, இன்னும் குறைன்னு நீங்கதான்...”

“நானா? அவர்!” இசோபே மாடியைக் காட்டினாள்.

அவர் என்றால் தலைமையாசிரியர் தோகுரா. சமைத்ததில் முதல் வாய் அவருக்குத்தான். அவர் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் சாப்பாடு வகுப்புகளுக்குப் போகும். அதுதான் விதி. மற்ற நாளெல்லாம் ‘அருமை’ என்பார். வாரத்தில் ஒருநாள் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டி, உப்பு தூக்கல் என்பார். அவள் குறைப்பாள். மறுவாரமும் தூக்கல். மறுபடியும் குறைப்பாள். அரசாங்கம் சொன்ன அளவையெல்லாம் தாண்டிக் கீழே இறங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது.

“எதிர்த்து ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேனே! ‘நான் சோயா சாஸ் காய்ச்சுற பரம்பரை, என் நாக்குக்குத் தப்பாது’ங்கறார். நான் நேத்து வந்தவ. அதுக்கு மேல என்னத்தைப் பேச?”

“அப்போ கடையைக் கட்டுங்க.”

“கட்டுறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணிப் பார்த்துடறேன்கா. நாளைக்கு அவரோட கிண்ணத்தை நான் தனியா வைக்கறேன். பிள்ளைங்க பானையில நீங்க பழைய அளவே போடுங்க.”

“ஐயையோ, என்ன பண்ணப் போறீங்க?”

“பெரிய நாக்குதானே? பார்த்துடலாம்.”

மறுநாள் சோறு, சுட்ட கானாங்கெளுத்தி, முள்ளங்கி, டோஃபு மிதக்கும் தெளிந்த சூப் எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் தானே மாடிக்குத் தூக்கிப் போனாள். இன்று அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இனி உப்பு என்ற பேச்சையே எடுக்கமாட்டார் என்று நம்பினாள்.

தோகுரா கைகூப்பிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார். ஒரு மடக்கு. கண்களை மூடி, மெல்ல விழுங்கினார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா டீச்சர்...”

“சொல்லுங்க சார்.”

“உப்பு இன்னும் கொஞ்சம் தூக்கல்.”

இசோபே அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“உப்பே போடல சார்! சோயா சாஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. டோஃபுவை வெந்நீர்ல போட்டுக் கொண்டாந்திருக்கேன்!”

கிண்ணம் அவர் கையிலேயே நின்றுவிட்டது. வெளியே, அன்றைக்குப் பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடும் சத்தம் கேட்டது. தோகுரா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“போன குளிர்ல ஒரு காய்ச்சல் வந்துச்சு டீச்சர், அதோட என் நாக்கும் மூக்கும் செத்துப்போச்சு,” என்றார் ரகசியக் குரலில். “தினமும் ‘அருமை’ன்னே சொல்லிட்டிருந்தா யாருக்காவது சந்தேகம் வந்துடுமேன்னுதான், நடுநடுவுல உப்பைக் குறை சொன்னேன்.”