கழலாத போல்ட்

ஸ்பேனர் மறுபடியும் வழுக்கி, வேல்விழியின் விரல் முட்டி லாரியின் அடித்தகட்டில் போய் இடித்தது.

வலியைப் பார்க்க நேரமில்லை. புருஷன் இசக்கிராஜா ஐந்தருவிக்குக் குளிக்கப் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. சீசன் கூட்டத்தில் வரிசை நீளமாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும். தெரிந்த போலீஸ்காரர் யாராவது நின்று அவனை முன்னால் விட்டுவிட்டால் அதுவும் கிடையாது.

அதற்குள் இந்த ஒரு போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் என்ஜின் ஆயில் முழுக்கத் தரையில் இறங்கிவிடும். ஆயில் இல்லாத வண்டியை அவன் தொடவே மாட்டான். உயிரை வேண்டுமானால் பணயம் வைப்பான், என்ஜினை வைக்க மாட்டான்.

வண்டி நிறையப் புளியங்குடி எலுமிச்சை. ராத்திரிக்குள் கொல்லம் போய்ச் சேர வேண்டிய லோடு. வழியில் இலஞ்சியில் வீட்டு வாசலில் நிறுத்தி நாலு வாய் சோறு, அருவியில் ஒரு குளியல், பிறகு கிளம்ப வேண்டியதுதான். அருவியில் தலையைக் கொடுத்தால் மூன்று நாள் உறக்கமும் பறந்துவிடும் என்பது அவனுடைய வைத்தியம். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாரோ.

மூன்று நாளாக அவன் உறங்கவில்லை. மாற்று டிரைவர், தங்கச்சி கல்யாணம் என்று போனவன் போனவன்தான்.

மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால், கையில் பிசைந்த உருண்டையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து பார்த்தால், வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. கேட்டதற்கு, மாடு குறுக்கே வந்தது என்றான். முன் பம்பரில் கருவேல முள் கொத்தாகச் சிக்கியிருந்தது. மாடு முள்ளைத் தலையில் கட்டிக்கொண்டா வந்தது?

புளியரையைத் தாண்டினால் மலைப்பாதை. அங்கே கண் சொருகினால் மோதுவதற்கு முள் இருக்காது, பள்ளம்தான்.

அழுது பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். "சும்மா கெடட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்படி ஒரு வீம்பு.

சாவியை ஒளித்தால் ஒயரைத் தொட்டுக் கிளப்பிவிடுவான். டயரில் காற்றைப் பிடுங்கினால் பத்து நிமிடத்தில் மாற்றுச் சக்கரம் போட்டுவிடுவான். ஆயிலுக்கு மட்டும் அவனிடம் மாற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் கடையெல்லாம் பூட்டு.

வேல்விழி மெக்கானிக் மாடனின் மகள். எந்த போல்ட், எந்த ஸ்பேனர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் போன தடவை ஆயில் மாற்றியவன் முன்ஜென்மப் பகையோடு முறுக்கி வைத்திருந்தான். ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்தாள். அசையவில்லை. பாதத்தை வைத்து உதைத்தாள். ஸ்பேனர்தான் கழன்று முகத்துக்கு நேரே வந்தது. போல்ட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு முறை வழுக்கினால் பிடிமானமே இருக்காது.

சாரல் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓடி வந்து அவள் முதுகை நனைத்தது. சூடு ஆறாத தகட்டில் முழங்கை பட்டுத் தோல் வழன்றது. வலது பக்கமா இடது பக்கமா என்பதே ஒரு கணம் குழம்பிப்போனது. மல்லாந்து கிடந்தபடியே அழுதாள். அரைச் சுற்று, ஒரே ஒரு அரைச் சுற்று என்று அந்த இரும்பிடம் கெஞ்சினாள்.

தலையைத் திருப்பியபோது வாசலில் இரண்டு கால்கள் நின்றன.

பைக் சத்தமே கேட்கவில்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

வேல்விழி போல்ட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "என்ன அடிச்சாலும் சரி, இன்னைக்கு இந்த வண்டி போவக் கூடாது."

இசக்கிராஜா குனிந்து பார்த்தான். சுத்தியலைப் பார்த்தான். ரத்தம் கசிந்த அவள் விரல்களைப் பார்த்தான். எழுந்து போய் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த நீள இரும்புக் குழாயோடு வந்தான். அவள் பக்கத்தில் சேற்றில் மல்லாந்து, உள்ளே நகர்ந்து வந்தான்.

இறுக்கப் போகிறான். இவ்வளவு பாடும் வீண். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அவள் கையை மெல்ல விலக்கி ஸ்பேனரை மாட்டினான். அதன் வாலில் குழாயைச் செருகி, ஒரு காலை முன் அச்சில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தான்.

இழுத்தது கழற்றுகிற பக்கம்.

டக்கென்று ஒரு சத்தம். மீதியை அவன் விரலாலேயே சுற்றி எடுத்தான். கறுத்த ஆயில் தடித்த கயிறாக இறங்கி, சாரல் தண்ணீரோடு சேர்ந்து தெருவுக்கு ஓடியது.

அப்போதுதான் அவள் அவனைச் சரியாகப் பார்த்தாள். முழங்கை தேய்ந்து மண் அப்பியிருந்தது. சட்டை தோளில் கிழிந்திருந்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த தலையாகவும் தெரியவில்லை.

"அருவி வரைக்கும் போவலட்டி. பைக்குலயே உறங்கிட்டேன்."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. லோடு ஏற்றிவிட்ட புளியங்குடி கமிஷன் கடை நல்லகண்ணு அண்ணாச்சி. இசக்கிராஜா அதைப் பாம்பைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் எடுத்து, ஆயில் வழிந்த அவள் கையில் வைத்தான்.

"நீ பேசு. நான் பேசுனா, இந்தா வாரேன் அண்ணாச்சின்னு சொல்லிருவேன்."