நீர்யானை நோட்டு

மேஸ்திரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துவிட்டு, பென்சில் எங்கே என்று கேட்டாள்.

மேஸ்திரிக்கு வயது ஐந்து. ஒரு வேலையைச் சொன்னால் அது முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று உயிரை எடுப்பாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊரில் உள்ள லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மகளுக்குக் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதுகிறான்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டு. தினமும் குழந்தை ஒரு கதை சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கிற பெரியவர் அதை எழுத வேண்டும். தன் வாயிலிருந்து வந்தது தாளில் எழுத்தாக உட்காருவதைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு எழுத்து மேல் ஆசை வரும், மனசுக்குள் கிடக்கிற கோபமும் பயமும் கதை வழியாக வெளியே வரும் என்று டீச்சர் விளக்கியிருந்தார்.

ஒரே ஒரு கண்டிப்பு. குழந்தை சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திருத்தவும் கூடாது.

நோட்டில் ஒரு பக்கம் அம்மாவின் கையெழுத்து, மறுபக்கம் அப்பாவின் கையெழுத்து. மேஸ்திரி ஒரு நாள் பெரியம்மா வீட்டில் அம்மாவோடு, ஒரு நாள் இங்கே. காலையில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் மற்றவர் வந்து கூட்டிப் போவார்.

நாலு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. மலை போல் ஒரு காரணம் இருந்தாலாவது பரவாயில்லை. ஒரு வார்த்தை தடித்தது, அவள் பெட்டியைத் தூக்கினாள், இவன் தடுக்கவில்லை. அப்புறம் யார் முதலில் வாயைத் திறப்பது என்ற வீம்பிலேயே நாலு மாதம் ஓடிப்போனது. வருகிற திங்கட்கிழமை வக்கீல் ஆபீசில் இரண்டு பேரும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவனுக்குப் போட மனசே இல்லை. அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கதை ஒரு நீர்யானையைப் பற்றியது. இரண்டு வாரமாக ஓடுகிறது, முடிகிற வழியாக இல்லை. நீர்யானை பல் தேய்த்தது. நீர்யானை தும்மியதில் குளத்துத் தண்ணீர் பாதி காலி. முந்தாநாள் அவனே எழுதியது: நீர்யானைக்குக் கோபம் வந்து குளத்தை விட்டுப் போய்விட்டது. அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இன்றைக்கு, நேற்றைய பக்கத்தைப் புரட்டினான். பெண்டாட்டியின் கையெழுத்து, வழக்கம் போல வலது பக்கம் சாய்ந்து.

‘நீர்யானை திரும்பி வந்தது. கதவு வரைக்கும் வந்தது. தட்டத் தைரியம் வராமல் அப்படியே போய்விட்டது.’

இத்தனூண்டு நெஞ்சுக்குள் இவ்வளவு பாரமா? பெரியவர்கள் முறுக்கிக்கொண்டு திரிந்ததற்குப் பிள்ளை அல்லவா தண்டம் கட்டுகிறது என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நீர்யானைக்குத் தட்ட என்ன பயம் என்று மெதுவாகக் கேட்டான். தட்டியிருந்தால் உடனே திறந்திருப்பார்களே என்றும் சொன்னான்.

மேஸ்திரி பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு, இது தேறாத கேஸ் என்பது போல அப்பாவைப் பார்த்தாள்.

“குளத்துக்கு ஏதுப்பா கதவு? நான் அப்படிச் சொல்லவே இல்ல. நீர்யானை மூணு கேக் சாப்பிட்டுச்சுன்னுதான் சொன்னேன்.”

அவன் மறுபடியும் படித்தான். மூன்று வாக்கியத்திலும் கேக் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் தனியாக இருந்தபோது, லிஃப்ட் இந்த மாடிக்கு வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. மணி அடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவு மறுபடியும் திறந்து மூடியது, லிஃப்ட் கீழே இறங்கியது. ஆளே இல்லாமல் வந்து போகிறதே, எங்கேயோ கோளாறு என்று டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் குடைந்தான். ஒன்றும் அகப்படவில்லை. பெரிய மெக்கானிக்.

மேஸ்திரி மேசையைத் தட்டினாள். இன்றைய கதை தயாராகிவிட்டது. நீர்யானைக்கு வயிற்று வலி. டாக்டர் இனிமேல் கேக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

அவன் எழுதினான். அது முடிந்த பிறகும் எழுதினான். இரண்டு இடத்தில் ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். நோட்டை டீச்சரும் படிப்பார். படிக்கட்டும்.

எழுதியதை வார்த்தை வார்த்தையாக விரல் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்பது டீச்சரின் இன்னொரு உத்தரவு. மேஸ்திரி தன் விரலை வைத்தாள், அவன் படித்தான். கேக் கூடாது என்றதோடு நிறுத்திக்கொண்டான். அவள் விரலுக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது.

“நான் சொன்னது இங்கயே முடிஞ்சிடுச்சேப்பா. மிச்சம் யாரு சொன்னது?”

அதை நாளைக்கு அம்மா படித்துக் காட்டுவாள் என்று சொல்லி, நோட்டை அவள் பையில் வைத்தான்.