திரும்பி வராத துப்பாக்கி

தலைக்கு மேல் படபடவென்று குண்டுகள் வெடித்தன.

கடை வாசலில் எவனோ ஒருவன், வாங்கப்போகும் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். ஜிஹானா ஆயுதச் சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்கார ஹாஜி முஸ்லிஹ் மட்டும் தன் தேநீர்க் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். போன வாரம் சூடான தோட்டாக் கூடு ஒன்று நேராக அதற்குள் வந்து விழுந்திருந்தது.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுடா, கழுதை!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, முக்பில் பக்கம் திரும்பினார்.

முக்பிலுக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். வியாழக்கிழமை தம்பி ஷாயிஃபுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் இடுப்புக் கச்சைக்குக் கத்தி இருக்கிறது. பக்கத்தில் செருகத் துப்பாக்கி இல்லை.

ஹாஜி துணியை விரித்து மூன்று மக்காரோவ் கைத்துப்பாக்கிகளை வைத்தார். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான்.

"இது சீனா. இதைச் செருகிக்கிட்டு உன் தம்பி நின்னா, பொண்ணு வீட்டுக்காரன் சிரிப்பான். உன்னை இல்ல, என்னைப் பார்த்து."

முக்பில் சீனாவைத் தள்ளிவைத்தான்.

பல்கேரியாவை எடுத்து மேல்பகுதியை இழுத்து விட்டான். இறுக்கமாக, புதிது போல இருந்தது. ஆனால் விசை கனம். அழுத்தினால் குறி நகர்ந்துவிடும்.

மூன்றாவது ரஷ்யா. பழசு. கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்பெல்லாம் வெளுத்திருந்தது. யாரோ விசையைப் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து மென்மையாக்கியிருந்தார்கள். பிடியில் கொம்பு பதித்திருந்தது. கையில் எடுத்ததும் அப்படியே உட்கார்ந்தது.

"ரஷ்யான்னா ரஷ்யாதான்" என்றார் ஹாஜி. "ஆனா ஒரு குறை இருக்கு, மறைக்க மாட்டேன். பூட்டைப் பாரு. எவனோ இடக்கைக்காரன் நீட்டி வெச்சிருக்கான். உனக்கு உறுத்தும். அதான் விலையைக் குறைச்சுச் சொல்றேன்."

முக்பில் திருப்பிப் பார்த்தான்.

பாதுகாப்புப் பூட்டின் நுனியில் ஒரு பித்தளை நாக்கு. கொஞ்சம் கோணலாக, பற்றவைத்த இடம் மச்சம் போல் திரண்டு.

கண்ணிவெடியில் வலக்கையை இழந்த அவன் அப்பா, இடக்கை ஆள்காட்டி விரலுக்கு எட்டும்படி ஊர்க் கொல்லனிடம் சொல்லிச் செய்துகொண்ட நாக்கு அது.

அந்தத் துப்பாக்கி இங்கே இருக்கக் கூடாது.

போன வருடம் தண்ணீர் பம்பு தகராறில் ஷாயிஃப் சுட்டதில் துஹைம் வீட்டுப் பையன் ஒருவன் செத்துப்போனான். மறுநாளே முக்பில் வீட்டார் தங்களிடம் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் கொண்டுபோய், பையனின் அப்பா காலிப்பின் காலடியில் வைத்தார்கள். தப்பு எங்களுடையது, பஞ்சாயத்து சொல்கிறபடி கேட்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

காலிப் குனிந்து, தன் கையாலேயே எடுத்துக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை பழி வாங்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

ஈடாக வந்த துப்பாக்கியை யாரும் விற்பதில்லை. மனம் மாறிப் பழி வாங்க நினைத்தால், முதலில் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வந்து சேர்ந்தால் இந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஷாயிஃபை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம்.

எதுவும் திரும்பி வரவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். இரண்டு வீடுகளும் பள்ளத்தாக்கின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. முதல் மாதங்களில் ஜன்னலைக் கடக்கக்கூடக் குனிந்த ஷாயிஃப், இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறான்.

திருட்டுப் போயிருக்கலாம். முக்பில் அதைப் பிடித்துக்கொண்டான். துஹைம் வீட்டு வேலைக்காரன் எவனாவது எடுத்து வந்து விற்றிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

"இதை யார் கொண்டாந்தா, ஹாஜி?"

"களவு மாலான்னு சந்தேகமா? என் கடையிலயா? துஹைம் வீட்டுக் காலிப் பெரியவரே கொண்டாந்தாருப்பா, இன்னிக்குக் காலையில. காசுகூட வாங்கல. தொலைநோக்கி வெச்ச ரைஃபிளா மாத்திக்கிட்டாரு. இந்த வயசுல ஓநாய் வேட்டையாம்!"

ஹாஜி வயிறு குலுங்கச் சிரித்தார்.

முக்பில் துப்பாக்கியைத் துணியில் வைத்தான். வைத்த கை அப்படியே சட்டைப் பைக்குப் போய்ப் போனை எடுத்தது. விரல் இரண்டு தரம் தவறான பெயரில் பட்டது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னப்பா, ரஷ்யாவா பல்கேரியாவா?" என்றார் ஹாஜி.

அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பெண்களின் சிரிப்பும் மத்தளச் சத்தமும் கேட்டன. முக்பில் வாயைத் திறப்பதற்குள் ஷாயிஃப் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, மொட்டை மாடியில லைட்டு கட்டிட்டு இருக்கேன். ஒரு அதிசயம் கேளு, எதிர் மாடியில காலிப் பெரியவர்! இந்த ஒரு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பார்த்துக் கை காட்டறாரு. இரு, எழுந்து நின்னு நானும் காட்டிட்டு வர்றேன்!"