மாடத்தி வராத காரணங்கள்

அன்று சிறையின் பின்மதிலை ஒட்டி நின்றது வேம்பா, புங்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் அவள் நின்றாள்.

கையில் மஞ்சள் பை. அதற்குள் புது வேட்டி.

அவள் புருஷன் பலவேசம் சற்று முன்தான் விடுதலையாகி வெளியே வந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் பேசவில்லை.

பேசினால் முதல் கேள்வி செவலையைப் பற்றித்தான்.

செவலை அவனுடைய வண்டிக்காளை. அவள் மனு போட்டுப் பார்க்க வந்த நாளெல்லாம், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் முதலில் விசாரித்தது அதைத்தான். நன்றாகத் தின்கிறதா. கழுத்துப் புண் ஆறியதா.

பிறகு மழை தப்பிய வருடம் வந்தது. வைக்கோல் கிடைக்கவில்லை. காளையை விற்றாள்.

விற்றபின் மனு பார்க்க வருவதையும் விட்டுவிட்டாள். பொய் சொல்ல வாய் வராது. நிஜத்தைச் சொல்லவும் வராது.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

இப்போது அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கண்ணாடி போட்ட ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

கனகசபாபதி, கல்லூரி வாத்தியார். உழைக்கிறவர்கள் பாடும் பாட்டை ஊர் ஊராகப் போய் நாடாவில் பதிகிறவர். கைதிகள் கல்லுருளை இழுக்கும்போது பாடுவதைப் பதிய அனுமதி வாங்கியிருந்தார். அது அன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும். பாட்டை எடுத்துக் கொடுக்கும் பலவேசத்தையோ அன்று காலையில் விட்டுவிட்டார்கள்.

முதலடி இல்லாமல் உள்ளே உருளை நகரமாட்டேன் என்றது.

விட்டவனைத் திரும்ப உள்ளே விடச் சட்டம் இல்லை. வெளியே நின்று பாடுகிறவனைத் தடுக்கவும் சட்டம் இல்லை என்று ஜெயிலரே சொல்லி அனுப்பினார்.

மைக்கை ஒரு துரட்டிக் கம்பின் நுனியில் கட்டினார்கள். வார்டர் முகைதீன் அதை மதில்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். வேலையில் சேரும்போது இதைப் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று முணுமுணுத்தார்.

பலவேசம் அவளைப் பார்த்தான். பாடட்டுமா என்பது போல.

அவள் தலையசைத்தாள். கேள்வி கொஞ்சம் தள்ளிப் போகிறதே.

அவன் சுவரைப் பார்த்து நின்று குரலெடுத்தான்.

"ஆத்துல வெள்ளம் வந்துச்சோ..."

மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தனை ஆண்குரல்களும் சேர்ந்து இழுத்தன.

"மாடத்தி!"

உருளை கரகரவென்று நகர்ந்தது.

அவள் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ மாடத்தி.

"எரும கன்னு போட்டுச்சோ..."

"மாடத்தி!"

"பஸ்ஸுச் சக்கரம் கழண்டுச்சோ..."

"மாடத்தி!"

அது அவள்தானா என்று முகைதீன் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலிருந்தே தெரிந்துகொண்டார். ஒரு மனு நாளில் அவள் வராமல் பலவேசம் சோறு தொடாமல் உட்கார்ந்திருந்தானாம். அவனைத் தேற்ற எவனோ ஒரு காரணம் சொன்னான். இன்னொருவன் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னான். உருளை இழுக்க அது தோதாக அமைந்துவிட்டது. அப்புறம் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள்.

வழியில் பாம்பு படுத்திருந்தது. மந்திரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நிலா அவள் கூரைமேல் விழுந்துவிட்டது, இறக்கிவிட ஆள் கிடைக்கவில்லை.

ஒன்றில்கூட அவள்மேல் குற்றம் இல்லை.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். சிரிப்பு அடங்கவில்லை. கண்ணும் நிற்கவில்லை.

பலவேசம் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினான்.

அவள் மதிலுக்குப் பக்கத்தில் போனாள். அவன் விட்ட ராகத்திலேயே எடுத்தாள்.

"செவலைக் காளைய வித்தாச்சே..."

உருளை நின்றிருந்தது.

"ஆருவே அது, பொம்பளக் குரலு?" என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்டான்.

"மாடத்தியேதாம்வே," என்றார் முகைதீன், கம்பை விடாமல்.

உள்ளே மதில் குலுங்கும்படி சிரித்தார்கள். இத்தனை நாள் நாம் கட்டியதையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று யாரோ ஒருவன் ஒப்புக்கொண்டான். எல்லோரும் ஒரே மூச்சில் அவள் பெயரை இழுத்தார்கள். உருளை நகர்ந்தது.

வெளியே இரண்டு பேர் சிரிக்கவில்லை.

அடுத்த அடி அவனுடையது.

நாடா சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாத்தியார் கைக்குட்டையை எடுத்தவர் துடைக்க மறந்து நின்றார்.

அவள் தலையைக் குனியவில்லை.

பலவேசம் சுவரை விட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்தே பாடினான்.

"புல்லறுக்கும் பாடு போச்சே..."

"மாடத்தி!"

அந்த நாடா வாத்தியாரின் கல்லூரியில் இருக்கிறது. பெண் குரல் வரும் இடத்தை வெட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. முகைதீன் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் அந்தப் பாட்டைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். யார் அந்த மாடத்தி என்று கேட்டவர்களுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பலவேசம் பஞ்சு மில்லில் மூட்டை தூக்கப் போனான். செவலை கழுகுமலைப் பக்கம் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டில் இருந்தது. ஒரு மாட்டுப் பொங்கலன்று இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.